நாம்சே பஜாரில் சின்ன லாட்ஜில் தங்குவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதையில் மூன்று முறை நடந்திருக்கிறேன். மூன்று முறையும் நாம்சே பஜாரில் தங்கினேன், மூன்று முறையும் சாதாரண லாட்ஜில்தான். முதல் பயணம் முடிந்து வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். விலை சொல்லும் இடங்களில் எல்லாம் நேபாள ரூபாய். 2023 அக்டோபரில் நான் கொடுத்தது.

"நாம்சே பஜார்ங்கிறது ஊரா, இல்ல டென்ட் போட்டு வச்ச கேம்ப்பா?"

நல்ல ஊர். நேபாளத்தின் சோலுகும்பு மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 3,440 மீட்டர் உயரத்தில், குதிரை லாடம் மாதிரி வளைந்த மலைச்சரிவில் படிப்படியாக வீடுகள். ஷெர்பா மக்களின் வியாபார ஊர் இது. திபெத்திலிருந்து நாங்பா லா கணவாய் வழியாக உப்பும் கம்பளியும் வந்து, கீழிருந்து போன தானியத்தோடு கைமாறிய இடம். சனிக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. வங்கி, தபால் நிலையம், மருந்துக்கடை, பேக்கரி, பல் மருத்துவமனை எல்லாம் உண்டு. ட்ரெக்கிங் சாமான் கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கையுறையை மறந்து வந்தாலும் கவலையில்லை.

இல்லாதது ஒன்றுதான்: சாலை. லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கினால் இரண்டு நாள் நடை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பிளைவுட் பலகை, நீங்கள் படுக்கும் மெத்தை, எல்லாம் யாரோ ஒருவர் முதுகிலோ, கோவேறு கழுதை அல்லது ஜோப்கியோ (யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பினம்) முதுகிலோ ஏறி வந்தவை. கொஞ்சம் ஹெலிகாப்டரில் வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

"ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் நமக்குப் பழக்கம்தானே. 3,440 மீட்டர் என்ன பெரிய உயரம்?"

தமிழ்நாட்டிலேயே உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லுக்லாவிலிருந்து கிளம்பி முதல் ராத்திரி தங்கும் பாக்டிங் 2,610 மீட்டர். அதாவது நம் மாநிலத்தின் உச்சி எவ்வளவோ, அங்கே முதல் நாள் படுக்கையே அவ்வளவு. இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு பிதுருதலாகலை இன்னும் தாழ்வு, 2,524 மீட்டர். நம்மில் யாருடைய உடம்புக்கும் அதற்கு மேல் பழக்கம் கிடையாது.

நாம்சேயில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்தக் கணக்குதான். லாட்ஜில் முதல் மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்கும். ஷூ லேஸ் கட்டக் குனிந்து நிமிர்ந்தால் கூட வாங்கும். முதல் நாள் எல்லோருக்கும் இப்படித்தான், பயப்பட வேண்டாம்.

"ரூம் எப்படி இருக்கும்? ஹீட்டர் உண்டா?"

இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் நடக்க இரண்டடி இடம், ஒரு ஜன்னல், சுவரில் துணி மாட்ட நாலு ஆணி. சுவர் என்பது பிளைவுட். பக்கத்து ரூமில் ஜிப் இழுத்தால் இங்கே கேட்கும். தலையணையும் ஒரு கனமான ரஜாயும் (தடித்த போர்வை) தருவார்கள், கேட்டால் இன்னொன்றும் கிடைக்கும். ஆனாலும் தூங்கும் பையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். காத்மாண்டுவின் தமெல் பகுதியில் வாடகைக்குக் கிடைக்கிறது.

ரூமில் ஹீட்டர் கிடையாது. கட்டடம் முழுவதற்கும் சூடு ஒரே இடத்தில்தான், சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் இருக்கும் இரும்பு அடுப்பு. சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் வீட்டு அம்மா வந்து, காய்ந்த சாணி வறட்டியும் கொஞ்சம் விறகும் அடுக்கிப் பற்றவைப்பார். பத்து நிமிஷத்தில் கூடமே அதைச் சுற்றி வந்துவிடும். ஈர சாக்ஸ் ஒருபுறம் தொங்கும், இன்னொருபுறம் சீட்டுக்கட்டு ஓடும். எட்டு மணிக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும். காலையில் பற்றவைக்க மாட்டார்கள். சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஊர், காட்டில் மரம் வெட்டக் கட்டுப்பாடு உண்டு. எரிக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் கணக்கு இருக்கிறது.

படுக்கப் போகும்போது அலுமினியம் அல்லது தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, ஒரு சாக்ஸுக்குள் போட்டுத் தூங்கும் பைக்குள் காலடியில் வைத்துவிடுங்கள். விடிய விடிய கதகதப்பு, காலையில் அதுவே குடிதண்ணீர். மறுநாள் போடும் துணியையும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் காலையில் சில்லென்ற சட்டைக்குள் கை விட வேண்டியதில்லை.

"அட்டாச்டு பாத்ரூம் வேணும்னா?"

கிடைக்கும். நாம்சேயில் மின்சார மெத்தை விரிப்போடு கூடிய ரூம்கள் கூட உண்டு, வாடகை நாலைந்து மடங்கு ஆகும். நான் பேசுவது பொதுக் கழிப்பறை உள்ள ரூமைப் பற்றி. நான் கொடுத்தது இரவுக்கு 500 ரூபாய்.

"ஐந்நூறு ரூபாய்க்கு ரூம் குடுத்து அவங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது? வெளிய பேக்கரியில சாப்டுக்கலாமா?"

ரூம் வாடகையில் கட்டுப்படியாகாது, சாப்பாட்டில்தான் ஆகும். இங்கே எழுதப்படாத ஒப்பந்தம் இதுதான்: எங்கே படுக்கிறீர்களோ அங்கேயே ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும். வெளியில் சாப்பிட்டால் ரூம் வாடகை ஏறும் என்று பல லாட்ஜ்களில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். மத்தியானம் பேக்கரியில் உட்கார்ந்து காபியும் கேக்கும் சாப்பிடுவதை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ராத்திரி வேறு இடத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பது மட்டும் வேண்டாம்.

உங்கள் ரூம் எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம் ஓடும். டீ, சூப், வெந்நீர், சார்ஜ் எல்லாம் அதில் ஏறும். கிளம்பும் முந்தின ராத்திரியே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், அடுக்களையில் இருப்பது இரண்டு பேர்தான். சாப்பாட்டு ஆர்டரும் அப்படியே. காலைச் சாப்பாட்டை முந்தின ராத்திரியே நேரத்தோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு மேஜையில் ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னால் ஆறாவது தட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். எல்லோரும் ஒன்றையே சொன்னால் சீக்கிரம் வரும், எரிவாயுவும் மிச்சம்.

"முன்னாடியே புக் பண்ணணுமா, போய்ப் பாத்துக்கலாமா?"

அக்டோபர் முழுக்கவும் நவம்பர் முதல் பாதியும், அப்புறம் ஏப்ரலும் கூட்டம். அந்த மாதங்களில் மட்டும் போனில் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். கைடு இருந்தால் அவரே பேசிவிடுவார். மற்ற நாட்களில் நேரில் போய் ரூமைப் பார்த்தே எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஊர் படிக்கட்டு மாதிரி இருப்பதால் மேலே போகப் போகக் காட்சி அழகு, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏற வேண்டும். பாக்டிங்கிலிருந்து ஏழெட்டு மணி நேரம் நடந்து வந்த உடம்புக்கு, ஊருக்குள் நுழைந்த பிறகு வரும் கடைசி நூறு படி கொடுமை. முட்டிவலி உள்ளவர்கள் கீழ் வரிசையில் லாட்ஜ் பாருங்கள். எதிரே நிற்கும் கோங்டே மலை அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.

"நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?"

வேண்டவே வேண்டாம். உண்மையில் இந்தப் பாதையில் சைவம்தான் பாதுகாப்பு. நாம்சே இருக்கும் கும்புப் பகுதியில் பௌத்த நம்பிக்கை காரணமாக ஆடுமாடு அறுப்பதில்லை. இறைச்சி கீழே அறுக்கப்பட்டு, குளிர்பெட்டி இல்லாமல் கூடையில் நாள்கணக்கில் நடந்து வருகிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களும் மேலே இருக்கிற நாட்களில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

தினமும் கிடைப்பது தால்-பாத். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு கறி, ஒரு கீரை, ஊறுகாய், சில சமயம் அப்பளம். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். நான் கொடுத்தது 750 ரூபாய், நடந்து வந்த பசிக்கு அதைவிடக் கட்டுப்படியான சாப்பாடு அங்கே இல்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி திறந்த பாத்திரத்தில் வேகாது. அதனால் எல்லா அடுக்களையிலும் குக்கர்தான். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒவ்வொரு லாட்ஜிலிருந்தும் விசில் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டால் நம் தெருவேதான்.

ஷெர்பாக்களின் சொந்தச் சாப்பாட்டையும் கேட்டு வாங்குங்கள். ரிகிகுர் என்று ஒன்று: உருளைக்கிழங்கை அரைத்து மாவோடு சேர்த்துத் தோசை மாதிரி வார்த்து, மேலே யாக் வெண்ணெய் வைத்துத் தருவார்கள். கும்புவின் உருளைக்கிழங்குக்குத் தனி ருசி. ஷ்யாக்பா என்பது கெட்டியான காய்கறிக் கூழ், சில இடங்களில் இறைச்சி போடுவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து பருப்புப்பொடி, ஊறுகாய், ரசப்பொடி கொஞ்சம் எடுத்துப் போங்கள். நாலாம் நாள் நாக்கு செத்துப்போய் சாப்பாடு இறங்காதபோது, சோற்றில் பிசைந்த ஒரு கரண்டி பருப்புப்பொடி உங்களைத் தூக்கி நிறுத்தும். அந்த உயரத்தில் பசி மந்தமாகிவிடும், ஆனாலும் சாப்பிட்டே ஆக வேண்டும்.

"குளிக்க வெந்நீர் கிடைக்குமா?"

கிடைக்கும், 500 ரூபாய். கேஸ் கீசர்தான், அந்த கேஸ் எப்படி வந்தது என்று முதல் பதிலிலேயே பார்த்தோம். ஐந்து, பத்து நிமிஷத்தில் முடித்துக்கொள்ளுங்கள். குளியலறையில் காற்று போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாழ்போடுங்கள். அடைத்த இடத்தில் கேஸ் கீசர் எரிந்தால் மணம் தெரியாத நச்சு வாயு சேரும். தலைசுற்றினால் உடனே கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

குளிப்பதாக இருந்தால் மத்தியானம், வெயில் இருக்கும்போதே. சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொண்டால் முடி காயாது, ராத்திரி முழுக்க நடுக்கம். நாம்சேக்கு மேலே நான் குளிப்பதே இல்லை, ஈரத் துடைப்பான் போதும். கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள்.

"டாய்லெட்?"

மாடிக்கு ஒன்றோ இரண்டோ. சில லாட்ஜில் உட்காரும் கோப்பை, சிலதில் நம் ஊர் மாதிரி. ஓரத்தில் நீல பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரும் ஒரு குவளையும் இருக்கும். நவம்பர் கடைசியில் விடியற்காலை போனால் அந்த டிரம்மின் மேல் ஒரு விரல் கனத்துக்கு ஐஸ் கட்டியிருக்கும். குவளையின் அடியால் ஒரு தட்டுத் தட்டி உடைத்து மொண்டுகொள்ள வேண்டும். காகிதத்தைக் கோப்பையில் போடாதீர்கள், பக்கத்தில் கூடை உண்டு. நெற்றி விளக்கு எப்போதும் தலைமாட்டில் இருக்கட்டும்.

"தண்ணி பாட்டில் வாங்கிக்கலாமா?"

வேண்டாம். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2020 முதல் கும்புவில் தடை. அதற்கும் முன்னால், 1998-லேயே கண்ணாடி பீர் பாட்டிலைத் தடைசெய்த பகுதி இது. மேலே போன குப்பை கீழே வர வேண்டுமென்றால் அதையும் ஒருவர்தான் சுமக்க வேண்டும்.

சொந்த பாட்டில் இரண்டு, குளோரின் மாத்திரை ஒரு அட்டை. குழாய்த் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள். வெந்நீர் வேண்டுமென்றால் ஃபிளாஸ்க் கணக்கில் விற்பார்கள். 88 டிகிரியில் கொதித்த தண்ணீர் கிருமியைக் கொல்லுமா என்று ஒரு நண்பர் கேட்டார். கொல்லும். மூன்று நிமிஷம் தளதளவென்று கொதித்திருந்தால் போதும்.

"போன் சார்ஜ், வைஃபை, சிக்னல்?"

நாம்சேயில் மின்சாரம் உண்டு, தாமே என்ற ஊருக்குப் பக்கத்துச் சின்ன நீர்மின் நிலையத்திலிருந்து வருகிறது. சில லாட்ஜில் ரூமிலேயே பிளக் இருக்கும், சிலதில் கூடத்தில் கொடுத்துக் காசு கட்ட வேண்டும். பவர் பேங்க் பெரியதென்றால் காசும் கூடும். என்செல், நேபாள் டெலிகாம் இரண்டு சிம்மும் ஓரளவு எடுக்கும். வைஃபைக்குக் கார்டு விற்பார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், ராத்திரி போனையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

"ராத்திரி தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதாமே, உண்மையா?"

உண்மைதான், எனக்கே வந்திருக்கிறது. ஆக்சிஜன் குறைவதால் உடம்பு வேகமாக மூச்சு விடுகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூச்சு விடச் சொல்லி மூளையைத் தூண்டுவதே அந்த வாயுதான், அது குறைந்ததும் சில நொடிகள் மூச்சு நிற்கிறது. அப்புறம் திடுக்கென்று விழித்துக்கொண்டு பெருமூச்சு வாங்குவீர்கள். பக்கத்துக் கட்டிலில் நண்பர் இப்படிச் செய்தால் கேட்கிற உங்களுக்குத்தான் பயம் அதிகம். பகலில் தெம்பாக இருந்தால், பெரும்பாலும் இது வெறும் உயரத்தின் வேலை.

தூக்க மாத்திரை மட்டும் போடாதீர்கள். மதுவும் வேண்டாம். இரண்டும் மூச்சை இன்னும் மந்தமாக்கும். தலைப்பக்கம் இன்னொரு தலையணையை வைத்துக் கொஞ்சம் உயர்த்திப் படுத்தால் எனக்குச் சுகமாக இருந்தது.

"தலைவலி வந்தா மாத்திரை போட்டுட்டு மேல போகலாமா? டயமாக்ஸ்னு ஏதோ சொல்றாங்களே."

லேசான தலைவலிக்கு முதலில் தண்ணீர், சாப்பாடு, ஓய்வு. பாராசிட்டமால் போடலாம். ஆனால் தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசாத்தியக் களைப்பு இதில் ஏதாவது சேர்ந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது சரியாகும்வரை ஒரு மீட்டர் கூட மேலே போகக் கூடாது. சரியாகவில்லை, கூடுகிறது என்றால் கீழே.

டயமாக்ஸ் என்பது அசெட்டசோலமைட். வலியை மறைக்கிற மருந்து இல்லை, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்துகிறது. தடுப்புக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம்.

இதைத் தாண்டிய அடையாளங்கள் உண்டு. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைப்பது, நுரையோடு இருமுவது. இவை மூளையிலோ நுரையீரலிலோ நீர் சேர்வதைக் காட்டும். உயிர் போகிற விஷயம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. லாட்ஜ்காரரை எழுப்பி, ஆள் துணையோடு ராத்திரியே இறங்க வேண்டும். நாம்சேக்குக் கீழே இருக்கும் மோஞ்சோ 2,835 மீட்டர். அந்த 600 மீட்டர் இறக்கமே பலரைப் பிழைக்க வைத்திருக்கிறது.

"எனக்கு லீவு கம்மி. நாம்சேயில ஒரு ராத்திரி மட்டும் தங்கிட்டுப் போனா என்ன?"

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான் என்று சொல்லலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பாக்டிங்கிலிருந்து நாம்சே வரும்போதே 830 மீட்டர் ஏறிவிடுகிறோம். ஒரு நாள் கடன் ஏற்கெனவே விழுந்துவிட்டது. இரண்டாம் ராத்திரி அந்தக் கடனை அடைக்கிற ராத்திரி. அதை அடைக்காமல் 3,867 மீட்டரில் இருக்கும் தெங்போச்சேக்கும், அடுத்து 4,410 மீட்டர் டிங்போச்சேக்கும் போனால் வட்டியோடு கேட்கும்.

2019-ல் என்னோடு வந்த நண்பர் பெங்களூரில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர். ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு மணி நேரம் சீக்கிரம் வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி எங்களில் மோசமாகத் தலைவலி வந்தது அவருக்குத்தான். உடல்தகுதி வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. மெதுவாக வந்தவர்கள் நன்றாகத் தூங்கினோம். லீவு கம்மி என்றால் பயணத்தைக் குறுக்குங்கள்: நாம்சேயில் இரண்டு ராத்திரி, சுற்றியுள்ள ஊர்கள், திரும்பி விடலாம். அதுவும் முழுமையான பயணம்தான்.

"அந்த ரெண்டாவது நாள் ரூம்லயே படுத்துக் கிடக்கணுமா?"

கூடாது. பகலில் உயரே ஏறி, ராத்திரி தாழ்வில் தூங்குவதுதான் முறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஸ்யாங்போச்சே மேட்டுக்கு ஏறுங்கள். 3,880 மீட்டரில் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் இருக்கிறது. தங்க நம் பட்ஜெட் தாங்காது, ஆனால் மொட்டைமாடியில் ஒரு டீ குடிக்கலாம். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட், லோட்சே, அமா டப்லாம் மூன்றும் வரிசையாக நிற்கும். மேகம் மத்தியானத்துக்குள் ஏறிவிடும், சீக்கிரம் போங்கள்.

அங்கிருந்து கும்ஜுங் இறங்கலாம். எட்மண்ட் ஹிலாரி 1961-ல் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் அங்கேதான். ஊருக்கு மேலே நிற்கும் கும்பிலா சிகரத்தைக் காவல் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், அதன் மேல் யாரும் ஏறுவதில்லை. நம் குலதெய்வ மலைகளை நினைத்துக்கொண்டேன்.

"இந்திய ரூபா செல்லுமா? ஏடிஎம் இருக்கா?"

ஏடிஎம் உண்டு. ஆனால் காசு தீர்ந்திருக்கலாம், நெட்வொர்க் இல்லாமல் இருக்கலாம், உங்கள் கார்டை ஏற்காமலும் போகலாம். ஒரு முறை எனக்கு மூன்றுமே நடந்தது. முழுப் பயணத்துக்கும் தேவையான நேபாள ரூபாயைக் காத்மாண்டுவிலேயே மாற்றிக் கையில் கொண்டுபோங்கள். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மதிப்பு. 2024 முதல் நேபாளத்தில் நம் யூபிஐ பல இடங்களில் செல்கிறது, மலையில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை வைத்துக்கொண்டு விமானத்தில் நேபாளம் போக முடியாது என்று தெரியாமல் விமான நிலையத்தில் நின்றவர்களை எனக்குத் தெரியும். மோஞ்சோவில் பூங்கா நுழைவுக் கட்டணம் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குக் குறைவு. இலங்கை நண்பர்களுக்கும் இந்தக் குறைந்த கட்டணம் பொருந்தும். அடையாளத்தைக் காட்டினால்தான் அந்தக் கட்டணம்.

"அம்மாவுக்கு 61 வயசு. நாம்சே வரைக்கும் கூட்டிட்டுப் போலாமா?"

வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உயர நோய்க்கு இளைஞர்களும் தப்புவதில்லை. இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, நுரையீரல் இதில் ஏதாவது இருந்தால் டாக்டர் சொல்வதுதான் முடிவு. மற்றபடி, தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கிறவர் என்றால் முடியும். அவருக்காகப் பயணத்தை நீட்டுங்கள்: பாக்டிங்கில் ஒரு ராத்திரி, மோஞ்சோவில் ஒரு ராத்திரி, அப்புறம் நாம்சே. கடைசி நாளில் ஹிலாரி தொங்குபாலத்துக்கு அப்புறம் ஒரே ஏற்றம், தண்ணீர் கிடைக்கும் இடமும் குறைவு. பாதி ஏற்றத்தில் மரங்களுக்கு நடுவே எவரெஸ்ட் முதன்முதலாகத் தலைகாட்டும் ஒரு திருப்பம் உண்டு. அங்கே அம்மாவை நன்றாக உட்காரவையுங்கள்.

லாட்ஜில் கீழ்த்தளத்தில், உட்காரும் கோப்பை உள்ள ரூமாகக் கேளுங்கள். இந்த இடத்தில் மட்டும் செலவைப் பார்க்காமல் அட்டாச்டு பாத்ரூம் எடுக்கலாம்.

"கைடும் போர்ட்டரும் எங்க தூங்குவாங்க? நாம ரூம் போட்டுக் குடுக்கணுமா?"

இதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டவர்களை எனக்குப் பிடிக்கும். சில லாட்ஜ்களில் அவர்களுக்குத் தனிக் கூடம் இருக்கும். இல்லாத இடங்களில், விருந்தினர்கள் எழுந்து போன பிறகு, நாம் உட்கார்ந்து சீட்டாடிய அதே சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சுகளில்தான் படுப்பார்கள். பத்து மணி வரை நாம் அரட்டை அடித்தால், காலையில் நாலு மணிக்கு எழ வேண்டிய ஒருவருடைய கட்டிலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அர்த்தம். ராத்திரி எட்டரைக்கே கூடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

அவர்களுக்குச் சாப்பாடு, படுக்கை, இன்சூரன்ஸ் யார் பொறுப்பு என்று கிளம்பும் முன்பே ஏஜென்சியிடம் தெளிவாகக் கேளுங்கள். குளிருக்குச் சரியான ஜாக்கெட்டும் ஷூவும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். நம் பைகள் இரண்டும் சேர்ந்து 25 கிலோவைத் தாண்டாமல் கட்டுங்கள். நெற்றியில் நாம்லோ பட்டையை மாட்டி, டோக்கோ கூடையில் ஆளுயரச் சுமையோடு ஏறுகிறவர்களை வழியெல்லாம் பார்ப்பீர்கள். அவர்கள் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். யாக், ஜோப்கியோ வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள்.

"லாட்ஜ்காரங்ககிட்ட எப்படிப் பழகணும்? தெரியாம ஏதாச்சும் தப்பு பண்ணிடுவோமோன்னு இருக்கு."

நம்மைவிட மூத்த பெண்ணை தீதீ, மூத்த ஆணை தா-இ (dai) என்று கூப்பிட்டால் போதும், அக்கா அண்ணன் மாதிரிதான். வயதில் சிறியவர்களுக்கு பஹினி, பாய். ஷெர்பாக்களிடையே பிறந்த கிழமையையே பெயராக வைக்கும் வழக்கம் உண்டு: ஞாயிறு நிமா, திங்கள் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லாக்பா, வியாழன் புர்பா, வெள்ளி பாசாங், சனி பெம்பா. ஒரே லாட்ஜில் இரண்டு பாசாங் இருந்தால் குழம்ப வேண்டாம்.

முக்கியமான ஒன்று. கூடத்து அடுப்பில் குப்பை, டிஷ்யூ, சாக்லேட் காகிதம் எதையும் போடாதீர்கள். அடுப்பு அவர்களுக்குத் தெய்வம் குடியிருக்கும் இடம். நம் பாட்டிகள் அடுப்பைக் காலால் தீண்ட விட்டார்களா? அதே மரியாதைதான். ஊரில் மந்திரம் செதுக்கிய மணிக் கற்களும் ஸ்தூபியும் வந்தால் அவற்றை வலப்பக்கம் வைத்து நடங்கள். கோயில் பிரகாரம் சுற்றிப் பழகிய நமக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

"குரூப்ல ஒருத்தருக்கு மட்டும் முடியல. மத்தவங்க மேல போயிட்டு, திரும்பும்போது அவரைக் கூட்டிக்கலாமா?"

தனியாக விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். உயர நோய் வந்தவருக்குத் தன் நிலை தனக்கே தெரியாது, 'நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க போங்க' என்பார். அவருடைய பேச்சு புரிகிற ஒருவர் கூட இருக்க வேண்டும். ராத்திரியில் இரண்டு முறையாவது எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் ஓய்வில் முழுக்கச் சரியாகிவிட்டால் எல்லோரும் சேர்ந்து போகலாம். சரியாகாவிட்டால் அவரோடு ஒருவர் இறங்கட்டும், கைடு ஒருவர்தான் என்றால் எல்லோருமே இறங்குங்கள். ஹெலிகாப்டர் தேவைப்படும் நிலை என்றால் உங்கள் இன்சூரன்ஸ் எண்ணுக்கு நீங்களே முதலில் பேசுங்கள். எத்தனை மீட்டர் வரை செல்லும் என்பதைப் பாலிசி எடுக்கும்போதே பார்த்து எடுத்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன ஓட்டக்கார நண்பருக்கு இரண்டாம் நாளும் தலைவலி விடவில்லை. மற்ற மூவரும் கைடோடு தெங்போச்சே போனார்கள், நான் அவரோடு நாம்சேயிலேயே தங்கினேன். அன்று சாயங்காலம் தீதீ கேட்காமலேயே பூண்டு சூப் கொண்டுவந்து வைத்தார். தன் பன்னிரண்டு வயது மகளை எங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, ராத்திரி ஏதாவது என்றால் இந்தக் கதவைத் தட்டுங்கள் என்று காட்டினார். மறுநாள் காலை நண்பர் இரண்டு தட்டு தால்-பாத் சாப்பிட்டார். வெயில் வந்ததும் இருவரும் மெதுவாக நடந்து, ஊர் வாசலில் தண்ணீர் விசையால் சுற்றும் பிரார்த்தனைச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். பெண்கள் ஓடைக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். தலைவலி போய்விட்டது என்று அங்கேதான் சொன்னார்.